கண் மேலே, வாய் கீழே: தாளில் திருக்கை செய்த கோடை

ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் என்கிற ஊரை ஒட்டிய ஒரு கடலோர ஊரில், மாலைப் படிப்பகம் ஒன்றில், மே மாதத்தின் நான்கு சனிக்கிழமைகளில் நடந்த கைவேலை வகுப்பைப் பற்றிய குறிப்பு இது. அச்சிட்டு எடுத்த திருக்கை மீன் வடிவத்தை வெட்டி, மடித்து, நிறம் தீட்டி, கையில் மாட்டி ஆட்டுகிற பொம்மையாக ஆக்குவதுதான் வேலை. வந்த பிள்ளைகள் 23 பேர். வயது 5 முதல் 12 வரை. மூன்று வீடுகளைத் தவிர மற்ற எல்லா வீட்டிலும் கடல்தொழில். வகுப்பு எடுத்த நான் பரமக்குடிப் பக்கம். திருக்கையைக் கருவாடாகத் தெரியும், குழம்பில் துண்டாகத் தெரியும். முழு மீனாக அதுவரை பார்த்ததில்லை. முதல் நாள் நடந்த தவறுக்கு இதுவே காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மே மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பள்ளி விடுமுறை மட்டும் காரணமில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுகள் மட்டும் போய்வரும். விசைப்படகில் போகிற அப்பாக்களும் சித்தப்பாக்களும் கரையில் இருப்பார்கள். படகுக்கு வண்ணம் அடிப்பார்கள், கிழிந்த வலையைத் தைப்பார்கள். ஒரு சந்தேகம் என்றால் பிள்ளைகள் ஓடிப்போய்க் கேட்டுவர ஆள் இருக்கும். இதை நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் வகுப்பைக் காப்பாற்றியது அதுதான்.

திருக்கையை எடுத்துக்கொண்டதற்கு என்னிடம் இருந்த காரணம் கத்தரி சம்பந்தப்பட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு வெட்ட எளிதான உருவம் அது. ஒரு சாய்சதுரம், பின்னால் ஒரு வால். காலில்லை, செதிலில்லை, உள்ளே போய் வெளியே வருகிற வளைவுகள் இல்லை. தாளை நடுவில் மடித்துப் பாதியை வெட்டினால் இருபுறமும் ஒரே அளவில் வந்துவிடும். அதோடு இது இந்தக் கடலின் மீன். மன்னார் வளைகுடாவில் திருக்கை வலை என்று தனியாக ஒரு வலையே உண்டு. கடலடியில் இறக்கிவைக்கிற வலை. ஆக்டோபஸும் கடல்குதிரையும் படத்தில் அழகாக இருக்கலாம். இந்தப் பிள்ளைகள் கையால் தொட்டுத் தூக்கியிருப்பது திருக்கையைத்தான்.

முதல் சனிக்கிழமை

இணையத்தில் கிடைத்த ஒரு வரிவடிவத்தை எடுத்து, ஜெராக்ஸ் கடையில் தடித்த சார்ட் அட்டையில் 30 படி போட்டுக்கொண்டு போனேன். பார்க்க அழகான படம். விரிந்த சிறகு, இரண்டு பெரிய உருண்டைக் கண், அவற்றுக்குக் கீழே வாய் நிறையச் சிரிப்பு, வாலின் நுனியில் அம்பு மாதிரி ஒரு முள்.

பத்து நிமிடம் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்தி அட்டையை என் பக்கம் தள்ளினாள்.

"அக்கா, இதுக்கு வாய் மேல இருக்கு."

"சிரிக்குதுல்லம்மா, அதான்."

"மேல இருந்தா மண்ணுல இருக்குற நண்ட எப்படிக்கா திங்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் கேட்ட கேள்வியில் படத்தின் தவறும் இருந்தது, அது ஏன் தவறு என்ற விளக்கமும் இருந்தது. அதற்குள் அவளுக்குப் பின்னால் இருந்த பையன் அடுத்ததைச் சொன்னான்: "முள்ளு நுனியில இருக்காதுக்கா. எங்க சித்தப்பாவுக்குக் குத்துனது வாலோட அடிப்பக்கத்து முள்ளு." அவன் 'அடிப்பக்கம்' என்றது உடம்போடு வால் சேருகிற பக்கத்தை.

இரண்டு பேர் சொன்னதும் சரி. திருக்கைக்குக் கண் உடம்பின் மேல்பக்கம். வாய், மூக்குத் துளை, செவுள் பிளவுகள் எல்லாம் அடிப்பக்கம். செவுள் பிளவு பக்கத்துக்கு ஐந்து. மணலில் படுத்துக் கிடக்கும்போது வாய் மணலுக்குள் இருக்கும், அதன் வழியாகத் தண்ணீரை இழுக்க முடியாது. அதற்காகவே கண்ணுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு துளை. அதன் வழியாக நீரை உள்ளே இழுத்து, செவுள் வழியாக வெளியே விடும். முள் வாலின் மேற்பக்கத்தில், உடம்புக்கு அருகிலோ வாலின் நடுவுக்குள்ளாகவோ இருக்கும். நுனியில் இருக்காது. அதன் இரு ஓரமும் ரம்பம் மாதிரி. முள்ளைச் சுற்றியுள்ள தோலில் நஞ்சு இருக்கிறது.

அப்படியானால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது? அன்று இரவு உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. திருக்கையைப் புரட்டிப் போட்டால் அடிவயிற்றில் வாய்க்கு மேலே இரண்டு மூக்குத் துளைகள் தெரியும். பார்ப்பவர்களுக்கு அவை கண் மாதிரியும், கீழே உள்ள வாய் சிரிப்பு மாதிரியும் தோன்றும். கண்ணாடித் தொட்டியில் ஒட்டிக்கொண்டு நீந்தும் திருக்கையின் வயிற்றுப்பக்கப் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. நான் எடுத்த வரிவடிவத்தில் முதுகும் வயிறும் ஒரே பக்கத்தில் கலந்துவிட்டன. மீனையே பார்க்காத என் போன்ற ஒருத்திக்கு அது தெரியவில்லை. தினமும் பார்க்கிற எட்டு வயதுப் பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

அன்று நான் செய்த ஒரே சரியான காரியம், வேலையை நிறுத்தி எல்லாரையும் அட்டையைத் திருப்பச் சொன்னது. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "இதுதான் வயிறு. இங்க என்னென்ன இருக்கும்னு நீங்களே போடுங்க" என்றேன். அதுவரை கோட்டுக்குள் நிறம் அடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் வாதாடத் தொடங்கினார்கள். செவுள் நாலா, அஞ்சா? வாய் நேர்கோடா, வளைவா? ஆறு வயதுப் பையன் ஒருவன் எழுந்து வீட்டுக்கு ஓடி, தாத்தாவைக் கேட்டு, ஐந்து விரலை விரித்துக் காட்டிக்கொண்டே திரும்பி வந்தான்.

முள் குத்திய சித்தப்பாவின் கதையையும் அன்றே கேட்டோம். அலையில்லாத ஆழம் குறைந்த தண்ணீரில் இறங்கியபோது மிதித்துவிட்டார். கரைக்குத் தூக்கிவந்து, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்து, பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திருக்கை நஞ்சு புரதம்; சூட்டில் அதன் வீரியம் குறையும். மருத்துவர்களும் கை பொறுக்கும் வெந்நீர், ஏறத்தாழ 45 டிகிரிக்கு மேல் போகாமல், என்றுதான் சொல்கிறார்கள். முள் துண்டு உள்ளே நின்றுவிடலாம், புண் சீழ் பிடிக்கலாம் என்பதால் ஆஸ்பத்திரியும் கட்டாயம். ஆழமில்லாத இடத்தில் காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நடந்தால் திருக்கை அதிர்வு உணர்ந்து விலகிப் போய்விடும். இதைப் பிள்ளைகள் எனக்கு நடந்தே காட்டினார்கள். படிப்பகத்தின் சிமெண்டுத் தரையில் 23 பேர் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்த அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

புது வடிவம்

அடுத்த வாரம் நடுவில் ஒரு நாள் விடிகாலையில் நாட்டுப்படகு கரை சேரும் இடத்துக்குப் போனேன். ஒரு பெரியவர் தன் திருக்கையை ஏலத்துக்கு முன் ஐந்து நிமிடம் என்னிடம் கொடுத்தார். நூலால் அகலம், நீளம், கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் இடைவெளி மூன்றையும் எடுத்தேன். புரட்டிப் போட்டு வயிற்றைப் பார்த்துக் கோட்டுப்படம் போட்டேன். அந்த அளவுகளை வைத்துத்தான் புது வடிவம் வரைந்தது.

அதன் அமைப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வேறு யாராவது செய்து பார்க்க விரும்பலாம். ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம், 297 நீளம். நீளத்தைப் பாதியாக மடித்தால் ஒவ்வொரு பாதியும் 210-க்கு 148. ஒரு பாதியில் முதுகு, மறு பாதியில் வயிறு. இரண்டின் மூக்கு நுனியும் மடிப்புக் கோட்டில் ஒன்றையொன்று தொடும். மடித்தபின் வெட்டினால் மூக்கில் மட்டும் சேர்ந்திருக்கிற இரண்டு திருக்கை கிடைக்கும். சிறகு ஓரங்களை ஒட்டி, வால் பக்கத்தைத் திறந்தே விட்டால் கை நுழைகிற பை. கண் ஒரு பக்கம், வாய் மறுபக்கம். மீனில் இருக்கிற மாதிரியே.

அச்சு இயந்திரம் தாளின் ஓரம்வரை அச்சிடாது. அதனால் அகலத்தை 190 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஜெராக்ஸ் கடையில் கொடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' வேண்டாம், 100 விழுக்காட்டில் போடுங்கள் என்று சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் வடிவம் சுருங்கி, மடிப்புக் கோடு நடுவிலிருந்து நகர்ந்துவிடும். வெட்டுகிற கோடு ஐந்து வயதுக்காரர்களுக்கு ஒரு மில்லிமீட்டர் தடிமனாவது இருக்கட்டும், கத்தரி தடுமாறினாலும் கோட்டுக்குள்ளேயே நிற்கும். பெரியவர்களுக்கு அதில் பாதி போதும்.

முதுகில் கண்ணுக்கு இரண்டு வட்டமும் அதன் பின்னால் மூச்சுத்துளைக்கு இரண்டு புள்ளியும் மட்டும் அச்சிட்டேன். வயிற்றுப் பக்கத்தில் எதுவுமே அச்சிடவில்லை. யோசித்துத்தான் அப்படி விட்டேன். வெளிக்கோடு வரைவது பிள்ளைகளுக்குப் பயம். கோணலாக வந்துவிடுமோ என்று தாளைத் தொடவே மாட்டார்கள். அச்சிட்ட வடிவம் அந்தப் பயத்தைப் போக்கிவிடுகிறது, அதற்காகவே அதைக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் அச்சிடுகிற ஒவ்வொரு கோடும் பிள்ளை தானே போட்டிருக்கக்கூடிய ஒன்றை அதன் கையிலிருந்து எடுத்துவிடுகிறது என்பது முதல் நாள் அட்டையைத் திருப்பியபோது நான் கண்டது.

இரண்டாம் சனிக்கிழமை வந்த சிக்கல் மூக்கில். அவசரத்தில் மடிப்போடு சேர்த்து வெட்டிவிட்டார்கள். முதுகு வேறு, வயிறு வேறாகக் கையோடு வந்தன. 'இங்கே வெட்டாதே' என்று எழுதிப் பார்த்தேன், வாசிக்கிற வயது இல்லாதவர்களுக்கு அது உதவவில்லை. ஒரு பெண் வீட்டிலிருந்து துணி காயப்போடுகிற கிளிப்பைக் கொண்டுவந்து மடிப்பில் மாட்டினாள். கிளிப் இருக்கிற இடத்தில் கத்தரி போகாது. அன்று மாலைக்குள் அந்தத் தெருவின் கொடிக்கயிறுகளில் பாதிக் கிளிப் படிப்பகத்தில் இருந்தன.

நிறம் தீட்டுவதில் மீனே பாதி வேலையைக் குறைத்துவிட்டது. திருக்கைக்கு முதுகு கருமை, வயிறு வெளுப்பு. மேலிருந்து பார்ப்பவருக்கு முதுகு ஆழத்தின் இருட்டோடு கலந்துவிடும். கீழிருந்து பார்ப்பதற்கு வயிறு மேலே உள்ள வெளிச்சத்தோடு கலந்துவிடும். அதனால் ஒரு பக்கம் நிறம் அடித்தால் போதும். புள்ளித் திருக்கைக்கு, கறுத்த முதுகில் வெள்ளைப் புள்ளி நிறைந்ததற்கு, மெழுகுவர்த்தித் துண்டு கொடுத்தேன். வெள்ளைத் தாளில் மெழுகால் வைத்த புள்ளி கண்ணுக்குத் தெரியாது. மேலே நீலத்தையும் கறுப்பையும் தண்ணீராகக் கரைத்துத் தடவும்போது மெழுகு பட்ட இடம் மட்டும் நிறத்தை ஏற்காமல் வெளுத்து எழும்பி வரும். முதல் புள்ளி தெரிந்த கணத்தில் அந்த அறையில் எழுந்த கூச்சலுக்குப் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

மையில் அச்சிடும் இங்க்ஜெட் படிகள் மூன்றை வைத்திருந்தேன். தண்ணீர் பட்டதும் கோடு கரைந்து ஓடியது. ஜெராக்ஸ் படி கரையாது. நீர்வண்ணம் தொடப்போகிற தாளுக்கு ஜெராக்ஸ்தான் சரி.

உழுவையும் வேளாவும்

மூன்றாம் வாரம் வாதம் பெரிதானது. உழுவை சுறாவா, திருக்கையா? முன்பாதி ஆப்பு மாதிரி தட்டையாக, பின்பாதி சுறா மாதிரி நீண்டு வாலும் துடுப்புமாக இருக்கிற மீன் உழுவை. பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். தீர்ப்பதற்கு ஒரு வழி உண்டு: செவுளைப் பார்க்க வேண்டும். செவுள் பிளவு உடம்பின் பக்கவாட்டில் இருந்தால் சுறா, அடிப்பக்கம் இருந்தால் திருக்கைக் கூட்டம். உழுவைக்கு அடியில். எனவே அது திருக்கையின் உறவு. இரண்டுக்குமே உள்ளே எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். சுறாவும் திருக்கையும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடுகிறது.

அன்று வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா, "அப்ப வேளா?" என்று கேட்டார். மூக்கு நீண்டு இருபுறமும் பல் வைத்த ரம்பமாக இருக்கிற மீன் வேளா. வேளாச் சுறா என்றும் சொல்வார்கள். ஆனால் செவுள் அடியில்தான், ஆகவே அதுவும் திருக்கைக் கூட்டமே. பிள்ளைகளில் ஒருவர்கூட வேளாவைப் பார்த்ததில்லை. தாத்தா இளவயதில் பார்த்திருக்கிறார்; ரம்பம் வலையில் சிக்கினால் வலையே போய்விடும் என்றார். ரம்பப் பல் எந்தக் கண்ணியில் பட்டாலும் மாட்டிக்கொள்ளும் என்பதுதான் அந்த மீனுக்கும் வினையாக முடிந்தது. உலகம் முழுக்கவே அருகிப்போய்விட்ட மீன் அது. இந்தியாவில் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வேளா வகைகள் சேர்க்கப்பட்டன. பிடிக்கக் கூடாது.

வேளாவுக்கு நான் வடிவம் எதுவும் கொண்டுபோயிருக்கவில்லை. தாத்தா சொல்லச் சொல்ல ஆறாம் வகுப்புப் பையன் கரும்பலகையில் வரைந்தான். ரம்பத்தை இரண்டு முறை அழித்து நீட்டச் சொன்னார். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று செய்த வேளா ஒன்று மட்டும்தான். அதைப் படிப்பகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

இதே நாளில்தான் கொம்புத் திருக்கையும் பேச்சில் வந்தது. சில ஊர்களில் யானைத் திருக்கை என்பார்கள். இரண்டு ஊர் தள்ளிப் போனால் மீன் பெயர் மாறிவிடும், நான் இந்தப் பிள்ளைகள் சொன்னதையே எழுதுகிறேன். தலையில் இரண்டு மடல் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பெருந்திருக்கை அது. அதற்கு வாய் அடியில் இல்லை, முன்னால். முதல் வாரம் கேள்வி கேட்ட பெண்ணிடமே படத்தைக் காட்டி, இதற்கு மட்டும் ஏன் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது மண்ணுல தேடல போலக்கா. தண்ணியில மிதக்குறதத் திங்குது" என்றாள். கொம்புத் திருக்கை நீரில் மிதக்கும் மிகச்சிறு உயிர்களை வாயைத் திறந்தபடியே நீந்தி வடிகட்டித் தின்கிறது. அவளுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. வாய் இருக்கிற இடத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

சிறகு அசைகிற விதம்

முதல் வாரத்து அட்டைப் பொம்மைகள் கையில் பிடித்தால் பலகை மாதிரி விறைத்து நின்றன. தடித்த அட்டை நல்லது, கிழியாது என்று நினைத்து வாங்கியது. திருக்கை பொம்மைக்கு அது தவறு. சாதாரண 75 ஜி.எஸ்.எம். தாளில் செய்தால் கையை மேலும் கீழும் ஆட்டும்போது சிறகின் நுனி ஒரு நொடி பின்தங்கி வரும். அந்தத் தாமதத்தில்தான் மீன் உயிரோடு இருக்கிற மாதிரித் தெரிகிறது.

ஆனால் எல்லாத் திருக்கையும் ஒரே விதமாக நீந்துவதில்லை. புள்ளித் திருக்கையும் கொம்புத் திருக்கையும் பறவை மாதிரி சிறகை மேலும் கீழும் அடித்து நீந்தும். மணலோடு மணலாகக் கிடக்கிற வட்டமான முள் திருக்கைகள் சிறகின் ஓரத்தில் அலை ஓடவிட்டுப் போகும். சிறகடிக்கிறவற்றுக்கு உடம்போரமாக இரண்டு மடிப்புக் கோடு போட்டோம். அலைகிறவற்றுக்கு ஓரத்தைச் சுற்றி க்ரேப் தாளை இழுத்து ஒட்டினோம்; இழுத்த ஓரம் தானாகவே நெளிந்துகொள்ளும். எது எதற்கு என்று முடிவு செய்தவர்கள் பிள்ளைகள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பெரிய பையன்கள் சின்னவர்களுக்கு விட்டுக்கொடுக்கவே இல்லை. கை நிறைய ஆதாரம் வைத்திருந்தார்கள்.

வாலுக்குத் தென்னை ஈர்க்கு. புள்ளித் திருக்கையின் வால் உடம்பின் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் நீளும்; தாளில் அடங்காது. ஈர்க்கின் தடித்த முனையைப் பைக்குள் செருகி, முள்ளைத் தனித் தாளில் வெட்டி உடம்புக்கு அருகே ஒட்ட வேண்டும். திருக்கை வாலை உலர்த்திச் சாட்டையாக வைத்திருந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கிறது. பேய் அண்டாது என்று வாசலில் மாட்டிய வீடுகளும் உண்டு.

இனி எதிர்பாராத ஒன்று. பொம்மை பையாக இருப்பதைப் பார்த்த இரண்டு சிறுமிகள், மீதியான தாளில் விரலளவுத் திருக்கை வெட்டி உள்ளே போட்டார்கள். "குட்டிக்கா" என்றார்கள். மீனை அறுக்கும்போது வயிற்றில் குட்டியைப் பார்த்திருக்கிறார்கள். முள் திருக்கைகளும் புள்ளித் திருக்கையும் கொம்புத் திருக்கையும் முட்டையிட்டுவிட்டுப் போகிற மீன்கள் அல்ல. முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, குட்டி அங்கேயே வளர்ந்து, முழு உருவத்தோடு வெளியே வரும். பிறக்கும்போது சிறகு இரண்டும் பாய் மாதிரி சுருண்டிருக்கும், வெளியே வந்தபின் விரியும். இதைச் சொன்னதும் அந்தச் சிறுமிகள் குட்டியை வெளியே எடுத்து, சிறகைப் பென்சிலில் சுற்றிச் சுருட்டி, மறுபடி உள்ளே வைத்தார்கள். பத்து நிமிடத்தில் எல்லார் திருக்கையும் குட்டி போட்டுக்கொண்டிருந்தது. ஒருவன் பன்னிரண்டு குட்டி வைத்துவிட்டு, கொம்புத் திருக்கைக்கு எத்தனை என்று கேட்டான். ஒன்று. ஒரு வருடத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி. அவன் பேசாமல் பதினொன்றை எடுத்து வெளியே வைத்தான். மத்தி மாதிரி மீன்கள் ஆயிரக்கணக்கில் முட்டையிட, வலையில் சிக்கிக் குறைந்துகொண்டே போனால் திருக்கை ஏன் மீண்டு வரச் சிரமப்படும் என்பதற்கு நான் வேறு விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. மேசையில் கிடந்த பதினொரு தாள் குட்டிகளைக் காட்டினேன்.

சரிவராதவை

ஈர நிறத்தில் கல்லுப்பைத் தூவினால் உப்பு நீரை உறிஞ்சி நட்சத்திரப் புள்ளிகள் விழும். தடித்த தாளில் அழகாக வரும். நாங்கள் அசைவுக்காக மெல்லிய தாளுக்கு மாறிவிட்டதால் ஊறிக் கிழிந்தது. ஃபெவிகாலை அள்ளித் தடவிய சிறகுகள் காய்ந்து சுருங்கின. ஓரத்தில் குச்சியால் தொட்டு வைத்தால் போதும்.

மினுமினுப்புத் தூளையும் தெர்மகோலையும் முதலிலிருந்தே ஒதுக்கிவிட்டேன். படிப்பகத்திலிருந்து கடல் நூறடி. பெருக்கித் தள்ளுவது காற்றில் எங்கே போகும் என்று தெரியும். கடல் உயிரைச் செய்து பார்க்கிற வகுப்பின் குப்பை கடலில் சேர்ந்தால் அதற்குப் பெயர் வேறு.

அலங்காரத்துக்காகச் சில பிள்ளைகள் கரையில் ஒதுங்கிய பவளத் துண்டுகளைக் கொண்டுவந்தார்கள். இது எனக்குக் கடினமாக இருந்தது, ஏனென்றால் ஆசையோடு பொறுக்கி வந்திருந்தார்கள். இந்தக் கடல் தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரை 21 தீவுகளோடு 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. செத்துக் கரையொதுங்கிய துண்டானாலும் எடுத்துவைக்கக் கூடாது. விளக்கிச் சொல்லி, எல்லாரும் சேர்ந்து போய்த் திரும்பப் போட்டுவிட்டு வந்தோம். பதிலுக்குக் காய்ந்த மணல். தட்டில் மணல் பரப்பி, தாள் திருக்கையைப் புதைத்து, கண்ணும் மூச்சுத்துளையும் மட்டும் தெரியும்படி வைத்து, மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். திருக்கை கடலடியில் செய்வதும் அதுதான். ஐந்து வயதுக்காரர்கள் கத்தரி வேலையில் பின்தங்கினார்கள், இந்த விளையாட்டில் அவர்களை யாரும் ஜெயிக்கவில்லை.

ஏழு மீட்டர்

கடைசி சனிக்கிழமை கொம்புத் திருக்கையை அதன் அளவிலேயே போட்டுப் பார்த்தோம். பெரியது 7 மீட்டர் அகலம் வரை வளரும். எங்கள் தாள் பொம்மை 19 சென்டிமீட்டர். எத்தனை மடங்கு என்று பெரிய பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள்: ஏறத்தாழ 37. கரையில் படகுக் கயிற்றை 7 மீட்டருக்கு இழுத்து இருமுனையிலும் குச்சி நட்டோம். கையை விரித்துப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஐந்து பேர் நின்றும் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. பிறகு பொம்மையில் கட்டம் போட்டு, மணலில் அதே கட்டத்தைப் பெரிதாக இழுத்து, வெளிக்கோட்டை ஈர மணலில் காலால் கீறினார்கள். வலை தைத்துக்கொண்டிருந்த அப்பாக்கள் எழுந்து வந்து, கொம்பு இன்னும் உள்ளே வளையணும், சிறகு நுனி இன்னும் பின்னால போகணும் என்று திருத்தினார்கள். அரைமணி நேரத்தில் வேலை பிள்ளைகள் கையை விட்டுப் பெரியவர்கள் கைக்குப் போய்விட்டது. நான் தடுக்கவில்லை. இவ்வளவு பெரிய மீனை வலையில் கண்டு, கயிற்றை அறுத்து விட்ட ஒரு இரவை ஒருவர் சொல்லத் தொடங்கியிருந்தார். பிள்ளைகள் கீறிய சிறகுக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அலை ஏறி வால் பக்கம் அழிய ஆரம்பித்தபோது எழுந்தோம்.

ஜூன்

தடைக்காலம் முடிந்து படகுகள் போய் வந்த முதல் வாரத்தில், முள் குத்திய சித்தப்பாவின் கதையைச் சொன்ன பையன் படிப்பகத்துக்கு ஒரு நைலான் நூலோடு வந்தான். நூலில் மூன்று முடிச்சு. விடிகாலையில் அப்பா கொண்டுவந்த திருக்கையை அவனே அளந்திருக்கிறான்: முதல் முடிச்சுவரை அகலம், இரண்டாவதுவரை உடம்பின் நீளம், மூன்றாவது மூக்கிலிருந்து முள் முளைக்கிற இடம்வரை. அந்த மூன்றாவது அளவை நான் மே மாதத்தில் எடுக்கவில்லை. எங்கள் வடிவத்தில் முள்ளின் இடம் குத்துமதிப்பாகத்தான் இருந்தது.

நூல் இப்போது சுவரில் வேளாவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதை வைத்து ஏ4 தாளுக்குச் சுருக்கி, அடுத்த வடிவத்தை அவன் வரைந்துகொண்டிருக்கிறான்.